தலைக்கு ஒரு வெள்ளியில் எழுந்த தமிழ்த்துறை
மொழிகளும் பல்கலைக்கழகங்களும் – 9

மலேசியாவில் தமிழை முதன்மைப் பாடமாக எடுத்துப் பட்டம் பெற விரும்பும் மாணவருக்கு மலாயாப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வாசல்கள் உண்டு. முதலாவது, 1956-இல் தொடங்கப்பட்ட இந்திய ஆய்வியல் துறை. தமிழ் இலக்கியம், வரலாறு, பண்பாடு ஆகியவை இங்கே சேர்ந்தே கற்பிக்கப்படுகின்றன. இரண்டாவது, 1972-இல் மொழி மையமாகத் தொடங்கிப் பின்னர் தனிப் புலமாக உயர்ந்த மொழி, மொழியியல் புலம். அங்கே அரபு, சீனம், ஜப்பானியம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம் ஆகியவற்றோடு தமிழும் மொழியியல் நோக்கில் பயிலப்படுகிறது.

பல மொழிகளை ஒரே வளாகத்தில் கற்பிப்பதற்கென்றே பல்கலைக்கழகம் அமைத்த நாடுகளில் தென்கொரியா குறிப்பிடத்தக்கது. கொரியப் போர் ஓய்ந்த மறு ஆண்டு, 1954-இல், சோல் நகரில் ஹன்குக் வெளிநாட்டு மொழிகள் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அழிவிலிருந்து எழ வேண்டிய நாட்டுக்கு வணிகமும் தூதுறவும் தேவைப்பட்டன. அவற்றுக்குப் பிற நாட்டார் மொழி தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். ஐரோப்பிய மொழிகளும் சீனமும் முதலில் வந்தன. 1964-இல் மலாய்-இந்தோனேசிய மொழித் துறையும், 1970-களில் இந்தித் துறையும் சேர்ந்தன. 1979-இல் மொழிபெயர்ப்பாளர்களையும் உரைபெயர்ப்பாளர்களையும் உருவாக்க முதுநிலைப் பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. இன்று அங்கு 45 மொழிகள் கற்பிக்கப்படுகின்றன. மொழியோடு அந்த நாட்டின் அரசியல், பொருளாதாரம், பண்பாடு ஆகியவற்றையும் சேர்த்துக் கற்பிப்பது அதன் வழக்கம்.

கொரியாவில் அந்தப் பல்கலைக்கழகம் பிறர் மொழியைக் கற்கும் தேவையால் பிறந்தது. மலாயாவில் தமிழ்த்துறை பிறந்ததோ, இங்கேயே உழைத்து வாழ்ந்த மக்கள் தங்கள் மொழிக்கு உயர்கல்வியில் இடம் கேட்டதால். அந்த வரலாறு தோட்டத்து மக்கள் எல்லாரும் அறிந்திருக்க வேண்டியது.

மலாயாப் பல்கலைக்கழகம் 1949-இல் சிங்கப்பூரில் நிறுவப்பட்டது. ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் அதற்காக ஒன்றாக்கப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளில் இந்திய ஆய்வுக்கென ஒரு துறை அமைக்கும் பேச்சு எழுந்தது. அதன் பாட மொழி எது என்பதில் சிக்கல் வந்தது. வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி அளித்த பரிந்துரை சமஸ்கிருதத்துக்கு முதன்மை தந்தது. மலாயா இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். ரப்பர், தேயிலைத் தோட்டங்களில் நிறைந்திருந்தவர்கள் அவர்களே. அவர்கள் பேசும் மொழியை ஓரமாக வைக்கும் துறை அவர்களுக்கு எப்படிப் பயன்படும் என்ற கேள்வி ஊர் ஊராகப் பரவியது.

அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் கோ. சாரங்கபாணி. 1935-இல் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கியவர். 1952-இல் தமிழர் திருநாளை மலாயா முழுவதும் பரப்பியவர். தமிழே துறையின் மொழியாக வேண்டும் என்று இதழில் எழுதினார், கூட்டங்களில் பேசினார். தமிழுக்கு இடம் கேட்பவர்கள் அதைத் தாங்கவும் முன்வர வேண்டும் என்பதால் 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். தலைக்கு ஒரு வெள்ளி என்பதே அழைப்பு. அன்றைய தோட்டக் கூலியில் ஒரு வெள்ளி சிறிய தொகை அல்ல. கடைக்காரர், துறைமுகத் தொழிலாளி, பால்வெட்டுத் தொழிலாளி என்று பலரும் கொடுத்தார்கள். 1956-இல் தமிழைப் பாட மொழியாகக் கொண்டே இந்திய ஆய்வியல் துறை தொடங்கியது. திரண்ட பணம் துறையின் நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்கப் பயன்பட்டது.

அதே 1956-இல் சிங்கப்பூரின் ஜூரோங் பகுதியில் நன்யாங் பல்கலைக்கழகம் வகுப்புகளைத் தொடங்கியது. அதற்குப் பெரும் வணிகர்களோடு சீன ரிக்‌ஷா தொழிலாளர்களும் பணம் கொடுத்திருந்தார்கள். உழைப்பாளி மக்கள் தங்கள் மொழிக்கு உயர்கல்வி வேண்டும் என்று பணமாகவே பேசிய காலம் அது.

1959-இல் இந்திய ஆய்வியல் துறை மலாயாப் பல்கலைக்கழகத்தின் கோலாலம்பூர் வளாகத்துக்கு மாறியது. 1961-இல் தனிநாயகம் அடிகள் அதன் தலைவரானார். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கத்தோலிக்கத் துறவி அவர். 1952 முதல் 'தமிழ்ப் பண்பாடு' (Tamil Culture) என்ற ஆங்கில ஆய்விதழை நடத்தியவர். தமிழை உலக அளவில் ஆராயப்படும் மொழியாக்க வேண்டும் என்பதே அவருடைய வாழ்நாள் முயற்சி. 1964 ஜனவரியில் டெல்லியில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் உருவாக அவர் முன்னின்றார். அந்த மன்றத்தின் முதல் மாநாடு 1966 ஏப்ரல் 16 முதல் 23 வரை கோலாலம்பூரில் நடந்தது. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் தொடங்கி வைத்தார். அன்றைய சென்னை மாநில முதல்வர் பக்தவத்சலம் வந்திருந்தார். முதல் உலகத் தமிழ் மாநாடு சென்னையிலோ மதுரையிலோ நடக்காமல் மலேசியாவில் நடந்ததற்கு, இந்தத் துறை இங்கே இருந்ததே காரணம். 1987-இலும் 2015-இலும் மாநாடு மீண்டும் கோலாலம்பூருக்கு வந்தது.

துறையின் அடிப்படைப் பணி அதன் நூல்களில் தெரிகிறது. தமிழாய்வுக்கு உதவும் நூல்களைத் திரட்டிய வழிகாட்டியைத் தனிநாயகம் அடிகள் 1966-இல் வெளியிட்டார். ச. சிங்காரவேலு சங்க காலத் தமிழரின் சமுதாய வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதினார். இராம சுப்பையா, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அச்சான தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல் தொகுத்து 1969-இல் வெளியிட்டார். கவிதை, நாடகம், பக்திப் பாடல், பள்ளிப் பாடநூல் என்று சிதறிக் கிடந்தவற்றை ஒன்றாகக் காட்டும் அந்தப் பட்டியல் இல்லாவிட்டால், இந்நாட்டில் தமிழில் என்னென்ன எழுதப்பட்டன என்பதே பாதி மறந்துபோயிருக்கும். சிறிய அச்சகங்களில் சில நூறு படிகள் மட்டும் அச்சாகும் நூல்கள் ஒரு தலைமுறைக்குள் காணாமற்போவது எளிது. அவற்றைத் தேடிச் சேர்க்க ஒரு துறையும் நூலகமும் இருந்ததால்தான் மலேசியத் தமிழ் இலக்கியத்துக்கு வரலாறு எழுத முடிகிறது.

மாணவர்களும் தங்கள் பங்கைச் செய்திருக்கிறார்கள். மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை நடத்தும் சிறுகதைப் போட்டியில் தேர்வான கதைகள் 'பேரவைக் கதைகள்' என்ற தொகுப்புகளாக வெளிவருகின்றன. இன்றைய மலேசிய எழுத்தாளர்கள் பலரின் தொடக்ககாலக் கதைகள் அவற்றில் உள்ளன.

இந்தத் துறைக்கு மாணவர் வந்து சேரும் வழி தமிழ்ப்பள்ளியில் தொடங்குகிறது. கேமரன் மலையில் கோலா தெர்லா, கம்போங் ராஜா, ரிங்லெட் பக்கத்துத் தோட்டப் பிள்ளை தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை பெரும்பாலான பாடங்களைத் தமிழில் படிக்கிறது. அதன் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. அங்கே பாட மொழி மலாய். தமிழ் ஒரு தனிப் பாடமாகச் சுருங்கிவிடுகிறது. படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் விருப்பப் பாடங்கள். படிவம் ஆறில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்விலும் தமிழ் உண்டு. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைக்கு மாணவர் போவது இந்தத் தேர்வுகளின் வழியேதான். ஆசிரியராக விரும்புபவருக்குத் தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திலும் தமிழ்க் கல்விப் பட்டப்படிப்பு இருக்கிறது. 1922-இல் மலாய் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம் அது.

வழி அறுந்துபோகக்கூடிய இடம் இடைநிலைப்பள்ளி. மலைப்பகுதிப் பள்ளிகளில் தமிழ் மாணவர்கள் சிலரே. ஆளுக்கொரு வகுப்பில் இருப்பார்கள். தமிழ் வகுப்பு பள்ளி நேரத்துக்குப் பிறகு என்றானால், தோட்டத்துக்குத் திரும்பும் பேருந்தை விட முடியாத பிள்ளைகள் முதலில் விட்டுவிடுவது தமிழைத்தான். படிவம் மூன்றில் விட்ட பாடத்தைப் படிவம் ஐந்தில் மீண்டும் பிடிப்பது கடினம். எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எழுதாதவர் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையை நினைப்பதில்லை.

இதற்குச் சட்டத்தில் ஒரு கைப்பிடி இருக்கிறது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, ஒரு பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால், தமிழ் வகுப்புக்கு ஏற்பாடு செய்யப்பட வேண்டும். கேட்காத பள்ளியில் வகுப்பு தானாக வராது. பெற்றோர் பதினைந்து பேரும் எழுத்தில் கேட்க வேண்டும், ஆசிரியர் நியமிக்கப்படும்வரை தொடர்ந்து கேட்க வேண்டும், பிள்ளை எஸ்.பி.எம். தேர்வில் தமிழை எழுதும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். 1956-இல் துறை உருவானது பணம் படைத்த ஒருவரின் கொடையால் அல்ல. ஆயிரக்கணக்கானோர் தங்கள் மொழிக்கு இடம் கேட்டு, அதற்குத் தங்களால் இயன்றதையும் கொடுத்ததால். அந்தத் துறையில் தொடர்ந்து மாணவர்கள் இருப்பதும் இல்லாமற்போவதும் இன்று ஒவ்வோர் இடைநிலைப்பள்ளியிலும் பெற்றோர் இடும் கையெழுத்தைப் பொறுத்தது.

(தொடரும்)