செடியைப் பார்சலில் அனுப்புவோர் கவனத்திற்கு

நாற்பது ஆண்டுகளாகப் பருப்பு மூட்டை கட்டி அனுப்புகிற நமக்குப் பார்சல் கட்ட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் எண்ணியிருந்தோம். நாக்பூரில் துவரம்பருப்புத் தரகு செய்யும் நம் நண்பர் புது வீடு கட்டியபோது, நம் கடை வாசலில் படர்ந்த மணி பிளாண்டைத் தொட்டியோடு அனுப்பினோம். வழியில் வாடக் கூடாதென்று தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டினோம். ஆறாம் நாள் நண்பர் போன் செய்து, "வந்து சேர்ந்தது, ரொம்ப சந்தோஷம் அண்ணாச்சி" என்றார்.

நான்கு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனோம். தொட்டி இருந்தது, செடி இல்லை. அழுகித்தான் வந்ததாம். மனம் நோகுமென்று சொல்லவில்லை. சரக்கில் கால் கிலோ குறைந்தாலும் உடனே கேட்கிற மனிதர் அவர்!

ஊர் திரும்பியதும் நர்சரிக்காரரிடம் கேட்டோம். வாட்டத்தைவிட அழுகலே செடிக்கு எமன் என்றார். மணி பிளாண்டுக்குத் தொட்டியே வேண்டாம். கணுவோடு நறுக்கிய கொடி போதும். வெட்டிய முனையில் ஈரத் தென்னைநார்த் தூள் வைத்து, அங்கு மட்டும் பிளாஸ்டிக் சுற்ற வேண்டும். இலைகளுக்கு உலர்ந்த செய்தித்தாள். அட்டைப்பெட்டியில் நாலைந்து துளை. வாரத் தொடக்கத்தில் புக் செய்தால் ஞாயிற்றுக்கிழமை குடோனில் கிடக்கும் ஆபத்து குறைவு.

வெளிநாட்டிலிருந்து செடி வரவழைப்பது வேறு விஷயம். 2003-ஆம் ஆண்டு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் வேண்டும்.

மறுபடி மூன்று துண்டுகள் அனுப்பினோம். "ஒன்று போய்விட்டது, இரண்டு துளிர்விட்டன" என்று இம்முறை கணக்காகச் சொன்னார் நண்பர்.