ஃபெர்மாவை ஏமாற்றிய எண்

குழந்தைகளே, கணக்கு நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்று ஒரு பத்து இலக்க எண்ணை வகுக்கப் போகிறோம்.

4294967297.

எங்கே, படியுங்கள் பார்ப்போம்! நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. சரியாகப் படித்தவர்களுக்கு ஒரு சபாஷ். இந்த எண்ணிடம் ஒரு பெரிய கணித மேதையே ஏமாந்து போனார்.

முதலில் 3 என்று எழுதுங்கள். அதில் ஒன்றைக் கழியுங்கள். வரும் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். 2 × 2 + 1 = 5. இப்போது 5-க்கும் அதையே செய்யுங்கள். 4 × 4 + 1 = 17. அடுத்து 16 × 16 + 1 = 257. பிறகு 256 × 256 + 1 = 65537. 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்கள். அதாவது 1-ஆலும் தன்னாலும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாதவை. இன்னும் ஒரு படி போங்கள். 65536 × 65536 + 1. நம்முடைய பத்து இலக்க எண் வந்துவிட்டதா?

ஃபெர்மா பிரான்சு நாட்டுக்காரர். துலூஸ் நகர நீதிமன்றத்தில் பதவி வகித்தவர். ஓய்வு நேரத்தில்தான் கணக்கு! இப்படி வரும் எண்கள் எல்லாமே பகா எண்கள்தாம் என்று 1640-இல் அவர் கடிதம் எழுதினார். நம்புகிறேன், ஆனால் நிரூபணம் கையில் இல்லை என்பதையும் மறைக்கவில்லை.

92 ஆண்டுகள் போயின. 1732-இல், ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் இருந்த ஆய்லர் என்ற 25 வயது இளைஞர், இந்த எண் 641-ஆல் வகுபடும் என்று காட்டினார்!

நீங்களும் வகுத்துப் பாருங்கள். எட்டு இலக்கக் கால்குலேட்டரில் இந்த எண் அடங்காது, காகிதம்தான் வழி. 4294-இல் 641 ஆறு முறை போகும், மீதி 448. அடுத்த 9-ஐ இறக்கினால் 4489. அதில் ஏழு முறை போகும், மீதி வெறும் 2. இனிமேல்தான் கவனம் வேண்டும். 6-ஐ இறக்கினால் 26, போகாது. ஈவில் 0 போடுங்கள். 7-ஐ இறக்கினால் 267, அதுவும் போகாது. இன்னொரு 0. (இந்தப் பூஜ்யங்களை விட்டுவிட்டு என்னிடம் சிவப்பு மை வாங்கிய பிள்ளைகளுக்குக் கணக்கே கிடையாது.) மிச்சத்தை நீங்களே முடியுங்கள். ஈவு 6700417, மீதி 0 என்று வர வேண்டும்.

2, 3, 5, 7 என்று பகா எண்களால் வரிசையாக வகுத்துக்கொண்டே போயிருந்தால்கூட, 641 என்பது 116-ஆவது பகா எண்தான். ஒரு நாளைக்கு நாலு வகுத்தல் என்றால் 29 நாள் வேலை! ஆய்லர் பின்னால் ஒரு குறுக்குவழியையும் நிரூபித்தார். இந்த எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணையும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரும். அப்படிப்பட்டவை 193, 257, 449, 577, 641... ஐந்தாவது முயற்சியிலேயே கள்ளன் அகப்பட்டுவிடுவான்.

அந்த முதல் ஐந்து எண்களோடு ஆறாவதாகச் சேர்க்க ஒரு பகா எண் இன்றுவரை கிடைக்கவில்லை. நம் எண்ணுக்கு அடுத்தது 18446744073709551617. இருபது இலக்கம்! அதையும் 1880-இல் லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரர் இரண்டாக உடைத்தார். அப்போது அவருக்கு வயது எண்பதுக்கு மேல்.

அவர் கண்ட எண்கள் 274177, 67280421310721. பெருக்கிப் பார்க்கிறீர்களா? நோட்டை அகலவாட்டில் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள்.