மன்னாரின் ஆழமில்லாத கடல்

தேத்தண்ணி ஆறுமுன் ஒன்று சொல்கிறேன். மன்னாருக்கு வருகிறவர்கள் கோட்டை, பெருக்க மரம், திருக்கேதீச்சரம், தலைமன்னார் என்று தனித்தனியாகப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் இந்த ஊரின் கதையெல்லாம் கடலுக்கு ஆழமில்லாததால் வந்தது.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே சுமார் 30 கிலோமீற்றர். இடையெல்லாம் மணல் தீடைகள். நீர் பல இடங்களில் ஒன்றிரண்டு மீற்றர்தான். பெரிய கப்பலுக்கு வழியில்லை. ஒன்று, இலங்கையைச் சுற்றிப் போகவேண்டும். அல்லது இங்கே சரக்கை இறக்கிச் சிறு வள்ளங்களுக்கு மாற்றவேண்டும். அப்படி இறக்கி ஏற்றி வளர்ந்த பட்டினம்தான் மன்னார்த் தீவை இணைக்கிற தாம்போதிக்கு அப்பால் பெருநிலத்தில் இருக்கிற மாதோட்டம். அதன் கோயிலான திருக்கேதீச்சரத்தைத்தான் சம்பந்தரும் சுந்தரரும் பாடினார்கள். 1980களில் தொல்லியலாளர் ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் அங்கே மாந்தை மேட்டைத் தோண்டியபோது சீனப் பாண்டமும் பாரசீக வளைகுடாப் பக்கத்துப் பாண்டமும் கிடைத்தன. பள்ளிமுனைப் பெருக்க மரமும் ஆபிரிக்க இனம். அரபு வணிகர் கொண்டுவந்தது என்பார்கள்.

இடுக்கான வழியில் காவல் வைத்தால் போதும், போகிற வருகிற எல்லாம் கைக்குள் வரும். அதனால்தான் கோட்டை. போர்த்துக்கேயர் 1560இல் கட்டினார்கள், ஒல்லாந்தர் 1658இல் பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. தெற்கே அரிப்புக் கடலில் முத்துச்சிப்பி கிடந்ததும் மனிதன் மூச்சடக்கி இறங்கக்கூடிய ஆழத்தில்தான்.

ஆனால் கோட்டைக்குக் கொடுக்கிற நேரத்தில் பாதியையாவது இந்தக் கரையிலிருந்து புறப்பட்ட ஒரு பாதைக்குக் கொடுங்கள் என்று கேட்பேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக வள்ளமேறி இந்தக் கரையில் இறங்கினார்கள். இறங்கியதும் வண்டி இல்லை, வாகனம் இல்லை. வரண்ட காட்டுக்குள்ளால் மாத்தளை வரை நடை. குடிக்க நல்ல தண்ணீர் கிடைக்காமல், வாந்திபேதி கண்டு, வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 1869க்குப் பிறகு கோப்பியை நோய் அழித்தது, தேயிலை வந்தது. இந்தக் கோப்பையில் இருக்கிற கொழுந்தைக் கிள்ளுகிறவர்களில் பலரின் முன்னோர் அந்தப் பாதையில் நடந்து பிழைத்தவர்கள். மன்னாரில் எனக்கு இதைவிடப் பெரிய சரித்திரம் கிடையாது.

1914இல் தலைமன்னாரில் இறங்குதுறையும் ரயிலும் வந்தன. சென்னையில் ஏறியவர் தனுஷ்கோடியில் கப்பல் மாறி, இங்கே மறுபடி ரயில் பிடித்துக் கொழும்புக்குப் போனார். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் யுத்தத்தோடு நின்றது. ரயிலும் யுத்தத்தில் நின்றுபோனது; தண்டவாளம் புதிதாகப் போட்டு 2015 மார்ச்சில் தலைமன்னார் பியருக்கு ரயில் திரும்பி வந்தது. கொழும்பிலிருந்து அதில் ஏறிக் கடைசி நிலையத்தில் இறங்குங்கள். பழைய இறங்குதுறை பக்கத்திலேயே இருக்கிறது. கப்பலும் திரும்பி ஓடவேண்டும். இரண்டு கரையிலும் சொந்தக்காரர் இருக்கிறார்கள்.