உஷார்! உங்கள் வைஃபையில் யார் யார்?

ரௌட்டரைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் இருக்கும் ஸ்டிக்கரை இன்றைக்கே பாருங்கள். 192.168.1.1 அல்லது 192.168.0.1 மாதிரி ஓர் எண் இருக்கும். அதை மொபைல் பிரவுசரில் தட்டி உள்ளே போனால், இந்த நிமிடம் உங்கள் வைஃபையில் ஒட்டிக்கொண்டிருக்கும் கருவிகளின் பட்டியல் கிடைக்கும். (கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர் வைத்துவிட்டுப் போன 'அட்மின்' பாஸ்வேர்டிலேயே கதவு திறக்கிறதா? முதலில் அதை மாற்றித் தொலையுங்கள்!)

மூன்று போன், ஒரு லேப்டாப், ஒரு டிவி என்று கணக்கு வைத்திருப்பீர்கள். பட்டியலில் 14 வரி நின்றாலும் ஆச்சரியமில்லை. பல வரிகளில் பெயரே இருக்காது. எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த 12 இலக்க மேக் முகவரி (கருவியின் அடையாள எண்) மட்டும் முறைக்கும். அதன் முதல் 6 இலக்கங்களை இணையத்தில் தேடினால் தயாரிப்பாளர் யாரென்று தெரிந்துவிடும். 'எஸ்ப்ரெஸிஃப்' என்று வந்தால் பதற வேண்டாம், அநேகமாக உங்கள் ஸ்மார்ட் பல்புக்குள் இருக்கும் சிப். இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, இ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் போன்தான். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 காலத்திலிருந்து போன்கள் அசல் முகவரியை மறைத்துக்கொண்டுதான் வைஃபைக்குள் வருகின்றன. மிச்சத்துக்கு, கருவிகளை ஒவ்வொன்றாக அணையுங்கள். சற்று நேரத்தில் எந்த வரி மறைகிறதோ அது அதனுடையது. எதை அணைத்தும் மறையாமல் நிற்கிறதா? உடனே வைஃபை பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

ஓசி வைஃபைதானே, போகட்டும் என்று விடாதீர்கள். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்கள் முன்பு வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வைஃபை வழியாகப் போயிருந்தது. போலீஸ் போய் நின்றது அவர் வீட்டு வாசலில்.

ஆனால், திருட்டுத்தனமாக நுழைந்தவரைவிட, நாமே காசு கொடுத்துக் கூட்டிவந்த ஆள்தான் இன்றைக்குப் பெரிய ஆபத்து. 'எல்லா சேனலும் இலவசம்' என்று விற்கும் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸ்! இப்படிப்பட்ட கருவிகளுக்குள் புகுந்து அவற்றை வளைத்துப்போடும் 'பேட்பாக்ஸ் 2.0' வைரஸ் வலை பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் எச்சரித்தது இதைத்தான். டிவி பாக்ஸ், புரொஜெக்டர், டிஜிட்டல் போட்டோ ஃபிரேம் என்று சிக்கியவை 1 கோடிக்கும் மேல் என்று சொல்லி, அடுத்த மாதமே கூகுள் வழக்குப் போட்டது. சில பெட்டிகளில் வைரஸ் கடைக்கு வரும் முன்பே உட்கார்ந்திருக்கிறது; மற்றவற்றில், செட்டப் செய்யும்போது இறக்கச் சொல்லும் ஆப்போடு வருகிறது. கூகுளின் பாதுகாப்புச் சோதனையான 'பிளே புரொடெக்டை ஆஃப் செய்' என்று பெட்டி கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

நீங்கள் சீரியல் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பெட்டி உங்கள் இணைப்பை முன்பின் தெரியாதவர்களுக்கு வாடகைக்கு விடும். அவர்கள் செய்யும் மோசடி உங்கள் ஐபி முகவரியில் பதிவாகும். பாஸ்வேர்டை மாற்றிப் பயனில்லை. புதியதையும் நீங்கள்தானே ரிமோட்டைப் பிடித்து அதில் அடிக்கப் போகிறீர்கள்! கெஸ்ட் நெட்வொர்க்கில் தள்ளினால் உங்கள் லேப்டாப் தப்பலாம். பெட்டி வெளியே போவது அப்போதும் உங்கள் முகவரியில்தான்.

ஆகவே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். புதிதாக வாங்குவதானால், பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் அந்தக் கருவி பிளே புரொடெக்ட் சான்று பெற்றது என்று காட்டுகிறதா என்பதைக் கடையிலேயே போடச் சொல்லிப் பாருங்கள். கடைக்காரர் மழுப்பினால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.