சம்பளத் துண்டு இல்லாதவளுக்கும் ஓர் ஆட்டோ



"சம்பளத் துண்டு இருக்கா?" என்ற கேள்வியை எத்தனை மேசைகளுக்கு முன்னால் நின்று கேட்டிருப்போம்! மாடு கறப்பவளுக்கும், இடியப்பம் அவிப்பவளுக்கும், வெள்ளாமை வெட்டப் போகிறவளுக்கும் யார் சம்பளத் துண்டு தருவார்கள்? நாங்கள் உழைக்காமல் இல்லை. உழைப்பைக் காட்ட ஒரு கடதாசிதான் இல்லை. அந்தக் கடதாசி இல்லாமல் ஓர் ஆட்டோ வாங்கிய கதையை, என்னைப் போன்ற இன்னொருத்திக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

உடைந்த முட்டிகள்

நான் சாகாமத்தில் இருக்கிறேன். எங்களுக்குக் குளமும் வயலும் மாடும்தான் வாழ்வு. 2007 ஆம் ஆண்டு மாடு பார்க்கப் போன என் கணவர் திரும்பி வரவில்லை. இரண்டு பிள்ளைகளும் ஏழு மாடுகளும் என் கையில் மிஞ்சின. பாலைத் தயிராக்கி அக்கரைப்பற்றுக்குக் கொண்டுபோய் விற்கத் தொடங்கினேன்.

தயிர் விற்பதில் கஷ்டமில்லை. கொண்டுபோவதில்தான் கஷ்டம். பஸ்ஸில் ஏற்றினால் நெரிசலில் முட்டி உடையும். உடைந்த ஒவ்வொரு முட்டியும் அன்றைய இலாபத்தைத் தின்றுவிடும். ஆட்டோ பிடித்தால் போய்வர எழுநூறு ரூபாய். கிழமைக்கு மூன்று நாள் போனால் மாதம் ஒன்பதாயிரம் வரை ஆட்டோக்காரருக்கே போய்விடும். 2016 இல் ஒரு நாள் இரவு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வாடகைக்குக் கொடுக்கும் காசைத் தவணையாகக் கட்டினால் வண்டி என்னுடையதாகாதா என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

முதல் மேசை

முதலில் போன இடத்தில் சம்பளத் துண்டு கேட்டார்கள். இல்லை என்றேன். அடுத்ததாக, "உங்கட அவர்ட கையெழுத்து வேணும்" என்றார்கள். அவர் காணாமல்போனவர் என்றேன். "அப்ப மரணச் சான்றிதழ் கொண்டு வாங்கோ" என்றார் அந்தத் தம்பி. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்குத்தான் படிக்கட்டில் இறங்க முடியாமல் கால் நடுங்கியது. ஓர் ஆட்டோவுக்காக என் மனுசன் செத்துவிட்டார் என்று நானே எழுதிக் கொடுப்பதா?

இதில் இரண்டு விஷயங்களை நான் பிறகுதான் அறிந்தேன். முதலாவது, மணமான பெண்ணும் தன் பெயரில் சொத்து வைத்திருக்கலாம், உடன்படிக்கை செய்யலாம். 1923 ஆம் ஆண்டிலேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. ஆகவே கணவரின் கையெழுத்தைக் கேட்பது பெரும்பாலும் கடன் கொடுப்பவரின் வழக்கம்தான். இரண்டாவது, 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, காணாமல்போனவரின் குடும்பம் மரணச் சான்றிதழ் எடுக்காமலே, அவர் காணாமல்போயிருக்கிறார் என்பதற்கான சான்றிதழைப் பெறலாம். அதை எடுப்பதால் தேடுவதை நிறுத்திவிட்டோம் என்று அர்த்தமில்லை. 2017 இல் நான் அந்தச் சான்றிதழை எடுத்தேன். மரணச் சான்றிதழ் எடுக்கவில்லை.

"விளங்காத தாளில கையெழுத்து வைக்காத புள்ள"

இரண்டாவதாக ஒரு தரகர் வந்தார். சம்பளத் துண்டும் வேண்டாம், அவருடைய கையெழுத்தும் வேண்டாம் என்றார். மூன்று இலட்சம் ரூபாய், மூன்று வருடம், "14 வீதம் மட்டும்தான் அக்கா" என்றார். எனக்கு விளங்காத மொழியில் ஒரு கட்டுத் தாள். சில இடங்களில் எழுத்தே இல்லை, புள்ளிக்கோடு மட்டும்.

அக்கரைப்பற்றில் என்னிடம் தயிர் எடுக்கும் ராத்தா ஒருவர் கடை வைத்திருக்கிறார். அந்தத் தாள்களை அவரிடம் காட்டினேன். "கொஞ்சம் பொறு புள்ள, விளங்காத தாளில கையெழுத்து வைக்காத" என்று சொல்லிவிட்டு, கல்குலேட்டரை எடுத்தார்.

கணக்கு இதுதான். மூன்று இலட்சத்துக்கு 14 வீதம் என்றால் வருடத்துக்கு 42,000. மூன்று வருடத்துக்கு 126,000. மொத்தம் 426,000. அதை 36 மாதத்தால் பிரித்தால் மாதம் 11,833 ரூபாய். இதில் சூழ்ச்சி எங்கே இருக்கிறது? நான் மாதா மாதம் முதலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வருகிறேன். பாதிக் காலம் போனபின் கடனில் ஒரு பகுதி தீர்ந்திருக்கும். ஆனால் வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு மூன்று இலட்சத்துக்கும் ஓடுகிறது. குறைந்துவரும் மீதிக்கு வட்டி போட்டுப் பார்த்தால் அந்த "14 வீதம்" உண்மையில் 24 வீதத்தைத் தாண்டுகிறது! ஒரே கடன்தான், சொல்லும் விதத்தால் சின்னதாகத் தெரிகிறது.

நான் கையெழுத்து வைக்கவில்லை. தரகர் கோபித்துக்கொண்டு போனார். ஊரில் சிலர், "கிடைச்சதையும் விட்டுட்டாள்" என்றார்கள். எனக்கும் மனம் அடித்துக்கொண்டதுதான். ஆனால் கிழமைக் கடனில் விழுந்த சகோதரிகளை நான் கண்டிருக்கிறேன். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட மூன்றாவது. கடன்காரர் வரும் நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வயலுக்குள் ஒளிந்தவர்களும் உண்டு. நுண்கடனால் பெண்கள் பட்ட பாடு பெரிதாகி, 2018 இல் அரசாங்கம் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் வரையான கடன்களைத் தள்ளுபடி செய்யும் நிலைக்கு வந்தது நினைவிருக்கும்.

கொப்பிதான் என் சம்பளத் துண்டு

"வருமானம் இருக்கு, அதை எழுதத்தான் இல்லை. எழுது" என்றார் ராத்தா. பிள்ளையின் பழைய கொப்பியை எடுத்தேன். எத்தனை முட்டி விற்றது, எவ்வளவு காசு, தவிட்டுக்கு எவ்வளவு, வாடகைக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு நாளும் எழுதினேன். வங்கியில் கணக்குத் திறந்து, சின்னத் தொகையென்றாலும் கிழமை தவறாமல் போட்டேன். எட்டு மாதம் இப்படிப் போனது.

அந்தக் கொப்பி முதலில் எனக்கே பாடம் சொன்னது. மாரியில் புல் இருக்கும், பால் இருக்கும். செலவு போக முப்பதாயிரம் மிஞ்சிய மாதமும் உண்டு. வரட்சியில் ஒன்பதாயிரத்தைந்நூறுதான். ஆகவே தவணை இந்த ஒன்பதாயிரத்தைந்நூறுக்குள் அடங்க வேண்டும். நல்ல மாதத்தைப் பார்த்துத் தவணை பேசுகிறவள் கெட்ட மாதத்தில் வண்டியை இழப்பாள்.

கொப்பி, வங்கிப் புத்தகம், கிராம சேவகரின் கடிதம், பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்திய வருமானச் சான்று, மாதர் சங்கத்தில் வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டி முடித்ததற்கான கடிதம், இவற்றோடு மூன்றாவது இடத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் கொப்பியைப் பத்து நிமிடம் புரட்டினார். பிறகுதான் இருக்கச் சொன்னார்.

பிணைக்கு இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் என் அண்ணன். மற்றவர் யார் தெரியுமா? அந்த ராத்தாதான். எங்கள் இரண்டு சனத்துக்கும் இடையில் என்னென்னவோ நடந்த பூமி இது. அவரும் இழந்தவர், நானும் இழந்தவள். "நீ கட்டாட்டி நான் கட்டணும், விளங்குதா?" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்து வைத்தார். அந்தக் கையெழுத்துக்காகவே ஒரு தவணையும் பிந்தக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டிய கணக்கு

2017 ஓகஸ்டில் பழைய ஆட்டோ ஒன்றை 425,000 ரூபாய்க்கு எடுத்தேன். பசு ஒன்று விற்றது 65,000, சீட்டு 60,000, வங்கிச் சேமிப்பு 50,000. மிச்சம் இரண்டரை இலட்சம் லீசிங். நான்கு வருடம், மாதம் 7,900. கூட்டிப் பார்த்தால் 554,200 ரூபாய். காப்புறுதி, வருட வரிப்பத்திரம், டயர், பெற்றோல் எல்லாம் இதற்கு வெளியே. வாங்கும்போது இதை ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

ஓட்டவும் பழகினேன். முதல் நாள் சாகாம வீதியில் போனபோது பார்க்காத ஆளில்லை. மூன்றாம் கிழமை, "நாளைக்கு எங்கட முட்டியையும் ஏத்துவியா?" என்று கேட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஓட்டமும் வந்தது. வெள்ளாமை வெட்டுக் காலத்தில் இரண்டு தவணையை முன்கூட்டியே ஒதுக்கி வைப்பேன். வரட்சியில் அது கைகொடுக்கும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. தயிரும் இல்லை, ஓட்டமும் இல்லை. தவணையைப் பிற்போடச் சலுகை தந்தார்கள். ஆனால் பிற்போட்ட மாதங்களுக்கும் வட்டி ஏறியது. சலுகை என்பது தள்ளுபடி அல்ல, சகோதரிகளே. 2022 பெப்ரவரியில் கடைசித் தவணையைக் கட்டினேன். அடுத்த மாதங்களில் பெற்றோல் வரிசையில் நின்றபோதுகூட, வண்டி என்னுடையது என்ற நிம்மதி இருந்தது.

போகுமுன் இவற்றைப் பாருங்கள்

• லீசிங்கில் எடுத்தால், கடன் தீரும்வரை வண்டியின் சட்டப்படியான உரிமையாளர் கம்பனிதான். 2000 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டம் இதை ஒழுங்குபடுத்துகிறது. கட்டி முடித்ததும் கடிதம் வாங்கி, பதிவுப் புத்தகத்தில் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

• "எத்தனை வீதம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "குறைந்துவரும் மீதிக்கு எத்தனை வீதம்? மொத்தமாக எவ்வளவு கட்டுவேன்? பிந்தினால் தண்டம் எவ்வளவு? முன்கூட்டியே தீர்த்தால் எவ்வளவு?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

• வண்டியின் பெறுமதியில் எத்தனை வீதம் கடன் தரலாம் என்பதற்கு மத்திய வங்கி எல்லை வைக்கும். 2017 இல் புதிய ஆட்டோவுக்கு அது 25 வீதம் மட்டுமே. இது மாறிக்கொண்டிருப்பதால் போகும் நாளில் கேளுங்கள்.

• கடன் தகவல் பணியகத்தில் உங்கள் கடன்களும், நீங்கள் பிணை நின்ற கடன்களும் பதிவாகியிருக்கும். உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்க்கலாம்.

• வட்டி வேண்டாம் என்னும் முஸ்லிம் சகோதரிகளுக்கு இஜாரா முறை இருக்கிறது. வண்டியை வங்கி வாங்கி உங்களுக்கு வாடகைக்குத் தருகிறது. 2011 முதல் அமானா வங்கி முழுமையாக இவ்வகை முறைகளில் இயங்குகிறது. அங்கும் மொத்தக் கணக்கைக் கேட்டே முடிவெடுங்கள்.

• விளங்கும் மொழியில் விபரம் கேட்பது உங்கள் உரிமை. 2023 இல் மத்திய வங்கி நிதி நுகர்வோர் பாதுகாப்புக்கு ஒழுங்குவிதிகள் கொண்டுவந்தது. முறைப்பாடு இருந்தால் அங்கு 1935 என்ற இலக்கத்தில் சொல்லலாம்.

• 2020 இல் வாகன இறக்குமதி நின்றபின் பழைய வண்டிகளின் விலையும் ஏறிவிட்டது. 2025 இல் இறக்குமதி மீண்டும் திறந்தபோதும் பழைய விலை திரும்பவில்லை. ஆகவே என் தொகைகளைப் பார்க்காதீர்கள், கணக்குப் போடும் முறையைப் பாருங்கள்.

குஜராத்தில் மரக்கறி விற்ற பெண்களையும் ஒரு காலத்தில் வங்கிகள் இப்படித்தான் திருப்பி அனுப்பின. 1974 இல் இலா பட்டின் முயற்சியில் நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு, சேவா என்று தங்களுக்கே ஒரு வங்கியைத் தொடங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதில் இருந்தார்கள். அவர்களால் முடிந்தது எங்களாலும் முடியும்.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து, "அக்கா, ஆட்டோ எடுக்க எங்க போகணும்?" என்று கேட்டாள். "இப்ப ஒரு இடமும் போகாத, கடைக்குப் போய்க் கொப்பி ஒண்டு வாங்கு" என்றேன். அவள் பிணைக்கு ஆள் தேடும் நாளில், என் கையெழுத்து இருக்கிறது.