1304-இல் முடிந்து, 1967-இல் மறுபடி முடிந்த மாளிகை

பெல்ஜியத்தின் மேற்கு ஃப்ளாண்டர்ஸ் மாகாணத்தில் இருக்கிறது ஈப்பர். சிறிய ஊர். அதன் நடுச் சதுக்கத்தில் ஒரு பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு துணிச்சந்தை மாளிகை நிற்கிறது. முகப்பின் நீளம் 125 மீட்டருக்கு மேல். நடுவில் 70 மீட்டர் உயரத்துக்கு மணிக்கோபுரம். வரிசை வரிசையாகக் கூர்வளைவு ஜன்னல்கள், செங்குத்தான கூரை, நான்கு மூலைகளிலும் சிறு கோபுரங்கள். பார்த்தவுடன் 13-ஆம் நூற்றாண்டு என்று சொல்லத் தோன்றும். சொன்னால் தவறும் இல்லை, முழு உண்மையும் இல்லை. இதை முதலில் கட்டி முடித்தது 1304-இல். இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் மாளிகையைக் கட்டி முடித்தது 1967-இல். தரைத்தளச் சுவர்களில் சில பகுதிகள்தான் பழையவை. மற்றவையெல்லாம் முதல் உலகப் போருக்குப் பிறகு கல் கல்லாக எழுப்பப்பட்டவை. அந்தப் போரைப் பற்றிய அருங்காட்சியகம் இன்று இந்த மாளிகைக்குள்ளேயே இருக்கிறது.

இடைக்காலத்தில் ஈப்பரின் செல்வம் கம்பளித் துணியில் இருந்தது. இங்கிலாந்திலிருந்து ஆட்டுரோமம் வந்தது. இங்கே நெய்து, சாயமேற்றி, ஐரோப்பாவெங்கும் அனுப்பினார்கள். ஈப்பர்லே ஆறு வழியாகச் சரக்குப் படகுகள் மாளிகையின் பக்கத்திலேயே வந்து நின்றன. கீழே விற்பனை, மேலே கிடங்கு. அரசருக்கோ ஆயருக்கோ எழுப்பிய கட்டடம் இல்லை இது. வணிகர்களும் நெசவாளர்களும் தங்கள் ஊரின் பெருமைக்காக எழுப்பியது. பின்னால் நடந்த வாதத்தைப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

1914 அக்டோபர் 7 அன்று ஜெர்மானியப் படை ஊருக்குள் வந்து ஓர் இரவு தங்கிப் போனது. அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகளும் அவர்களால் ஈப்பரைப் பிடிக்க முடியவில்லை. ஊரைச் சுற்றி மூன்று பக்கமும் தாழ்வான மேட்டு வரிசை. பெரும்பாலான காலம் அது ஜெர்மானியர் கையில் இருந்தது. கோபுரம் அவர்களுடைய பீரங்கிக்குக் குறிவைக்க வசதியாக நின்றது. போர் வெடித்த நேரத்தில் மாளிகையில் மராமத்து வேலை நடந்துகொண்டிருந்தது. கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்தார்கள். நவம்பர் 22 அன்று குண்டு விழுந்து தீப்பற்றியபோது அந்த மரச்சாரமும் சேர்ந்து எரிந்தது. எரியும் மாளிகையின் புகைப்படங்கள் உலகம் முழுக்கப் பரவின. 1915 மே மாதத்துக்குள் எஞ்சியிருந்த பொதுமக்களும் வெளியேற்றப்பட்டார்கள். போர் முடிந்தபோது, குதிரைமேல் உட்கார்ந்தால் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்க்கலாம் என்று சொன்னார்கள்.

இடிபாட்டை என்ன செய்வது? 1919-இல் வின்ஸ்டன் சர்ச்சில் சொன்ன யோசனை, ஈப்பரின் இடிபாடுகள் முழுவதையும் பிரிட்டன் வாங்கி அப்படியே விட்டுவிட வேண்டும் என்பது. பிரிட்டிஷ் பேரரசின் லட்சக்கணக்கான வீரர்கள் இந்த ஊரைக் காப்பதற்காகச் செத்தார்கள். இது புனித மண். இதன்மேல் கடையும் வீடும் கட்டுவது அவமரியாதை என்பது அந்தப் பக்கத்து உணர்வு. இடிபாடுகளிலிருந்து கல்லை எடுக்கக்கூடாது என்று எச்சரிக்கைப் பலகைகளும் நடப்பட்டன. மகனை இழந்த தாயின் இடத்திலிருந்து பார்த்தால் அந்த உணர்வைப் புறந்தள்ள முடியாது.

ஆனால் அந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அகதிகளாகப் போயிருந்த குடும்பங்கள் திரும்பி வந்து, அரசு நிவாரண நிதி கொடுத்த மரக்கொட்டகைகளில் தங்கி, தங்கள் வீடு இருந்த இடத்தைக் கற்குவியல்களுக்கு நடுவே தேடினார்கள். நகரின் கட்டடக்கலைஞர் யூல்ஸ் கோமன்ஸ் போருக்கு முன்பே இந்த மாளிகையைப் பழுதுபார்த்தவர். அதன் ஒவ்வொரு அங்குலத்தையும் அறிந்தவர். இருந்தது இருந்தபடியே கட்ட வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். நாம் வாழவேண்டிய ஊரை மற்றவர்களின் துக்கத்துக்காகக் கல்லறையாக விட்டுக்கொடுக்க முடியாது என்று ஊர்மக்கள் எடுத்த முடிவு நியாயமானது என்றே நான் கருதுகிறேன். துக்கத்துக்கு இடம் கொடுக்காமலும் இல்லை. ஊரின் கிழக்கு வாசலில் பிரிட்டன் மெனின் வாயில் என்னும் நினைவுச்சின்னத்தைக் கட்டி 1927-இல் திறந்தது. உடல் கிடைக்காத 54,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தினமும் இரவு 8 மணிக்கு அங்கே போக்குவரத்தை நிறுத்தி, உள்ளூர் தன்னார்வத் தீயணைப்புப் படையினர் பியூகிளில் 'லாஸ்ட் போஸ்ட்' ஊதுகிறார்கள்.

மாளிகையின் கோபுரம் முதலில் எழுந்தது. பிறகு இன்னொரு போர், இன்னோர் ஆக்கிரமிப்பு. கோமன்ஸ் அதற்கு முன்பே, 1937-இல் இறந்தார். அவருடன் பணியாற்றிய பாவெல்ஸ் வேலையைத் தொடர்ந்தார். 1999-இல் யுனெஸ்கோ இந்தப் பகுதியின் மணிக்கோபுரங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது ஈப்பரின் கோபுரமும் அதில் இடம்பெற்றது. திரும்பக் கட்டியது என்பதால் அதன் மதிப்புக் குறைந்துவிடவில்லை.

இருந்தாலும், அச்சு அசலாகத் திரும்பக் கட்டியதில் ஓர் ஆபத்து உண்டு. விஷயம் தெரியாமல் வருகிறவர் சதுக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, 'எவ்வளவு அழகாகப் பழைமையைப் பாதுகாத்திருக்கிறார்கள்' என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். காயம் இருந்த இடமே தெரியாது. அதை உள்ளே வைத்துக் காட்டுவதுதான் மாடியில் 1998-இல் திறந்து 2012-இல் புதுப்பித்த 'இன் ஃப்ளாண்டர்ஸ் ஃபீல்ட்ஸ்' அருங்காட்சியகம். ஈப்பர் முனையில் பணியாற்றிய கனடிய ராணுவ மருத்துவர் ஜான் மெக்ரே 1915 மே மாதம் எழுதிய கவிதையின் பெயர் அது.

நுழைவுச் சீட்டோடு பாப்பி மலர் பதித்த ஒரு கைப்பட்டை தருகிறார்கள். நம் மொழியையும் நாட்டையும் அதில் பதிந்துகொண்டால், ஆங்காங்கே உள்ள திரைகள் நம் பகுதியோடு தொடர்புள்ள மனிதர்களின் கதைகளைச் சொல்கின்றன. துப்பாக்கிகளும் சீருடைகளும் இருக்கின்றன. ஆனால் அவற்றைப் பார்த்து வியக்கும்படி வைக்கவில்லை. இருட்டான கூடத்தில் ஆளுயரத் திரைகளில் நடிகர்கள் தோன்றி, அன்றைய வீரர்களும் மருத்துவர்களும் செவிலியர்களும் எழுதிவைத்ததை நம் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். எந்த நாட்டின் வெற்றியையும் இந்த அருங்காட்சியகம் கொண்டாடவில்லை. இந்தப் போரில் பெல்ஜிய மண்ணில் இறந்தவர்களின் பெயர்களை, எந்த நாட்டவர், படைவீரரா பொதுமகனா என்ற பேதமின்றி ஒரே பட்டியலாகத் தொகுத்துவருகிறது. 6 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள். சுட்டவரும் சுடப்பட்டவரும் அதில் அடுத்தடுத்து இருக்கிறார்கள். போர் அருங்காட்சியகம் என்ற பெயரில் ஆயுதக் கண்காட்சி நடத்தும் எல்லா நாடுகளும் வந்து பார்க்க வேண்டிய இடம் இது.

விஷவாயுவைப் பற்றிய பகுதியில் அதிக நேரம் நின்றேன். 1915 ஏப்ரல் 22 மாலை, ஊருக்கு வடக்கே லாங்கமார்க் பக்கம், ஜெர்மானியர் 5,700-க்கும் மேற்பட்ட உருளைகளைத் திறந்து 150 டன்னுக்கும் அதிகமான குளோரினைக் காற்றில் விட்டார்கள். மஞ்சள் பச்சை மேகம் தரையோடு தவழ்ந்து வந்து பள்ளங்களில் இறங்கியது. பதுங்குகுழியே பொறியாகிவிட்டது. எதிரில் நின்ற பிரெஞ்சுப் படையினருக்கும் அல்ஜீரியப் படையினருக்கும் முகமூடி கிடையாது. காட்சிப்பெட்டியில் இருக்கும் முகமூடிகளை வரிசையாகப் பார்த்தால், வெறும் பஞ்சுப் பட்டையிலிருந்து கண்ணாடிக் கண்களும் வடிகட்டியும் கொண்ட கருவிவரை மனிதர்கள் எவ்வளவு வேகமாகக் கற்றுக்கொண்டார்கள் என்பது தெரியும். அதே வேகத்தில் வாயுவும் கொடியதாகிக்கொண்டே போனது. 1917 ஜூலையில் கடுகு வாயு முதன்முதலில் பிரயோகிக்கப்பட்டதும் இதே ஈப்பர் முனையில்தான்.

கோபுரத்துக்கு 231 படிகள். மூச்சு வாங்கினாலும் ஏறிவிட வேண்டும். மேலிருந்து பார்த்தால் கிழக்கே அந்த மேட்டு வரிசை தெரிகிறது. மலை என்று சொல்ல எதுவும் இல்லை. வயலுக்கு நடுவே லேசாக மேடு தட்டிய நிலம், அவ்வளவுதான். பாஷெண்டேல் கிராமம் அங்கேதான். 1917-இல் அதைப் பிடிப்பதற்கு மூன்று மாதத்துக்கு மேல் சேற்றில் போராடினார்கள். இரு தரப்பிலும் லட்சக்கணக்கானவர்கள் மாண்டும் காயம்பட்டும் விழுந்தது இந்தத் தூரத்துக்காகத்தான் என்பதைக் கண்ணால் அளந்து பார்க்க முடிகிறது. வரைபடங்கள் எத்தனை படித்தாலும் அது விளங்காது. அந்த வயல்களை உழும்போது இன்றும் வெடிக்காத குண்டுகள் கிடைக்கின்றன. உழவர்கள் அவற்றை வரப்போரம் எடுத்துவைக்க, ராணுவத்தினர் வந்து எடுத்துப் போகிறார்கள்.

அந்த வயல்களில் நம் நாட்டவர்களும் இறந்துகிடந்தார்கள். 1914 செப்டம்பர் கடைசியில் மார்செய் துறைமுகத்தில் இறங்கிய லாகூர் டிவிஷன், வெப்ப நாட்டு மெல்லிய சீருடையோடு, ஒரு மாதத்துக்குள் ஈப்பர் முனைக்கு அனுப்பப்பட்டது. பெரும்பாலும் பஞ்சாபையும் வடமேற்கு எல்லைப்புறத்தையும் சேர்ந்தவர்கள்; கூர்க்காக்களும் உண்டு. அக்டோபர் 31 அன்று ஹோலபேக்கில் 129-ஆவது பலூச்சிப் படைப்பிரிவின் சிப்பாய் குதாதாத் கான், இயந்திரத் துப்பாக்கிக் குழுவில் மற்ற ஐவரும் இறந்த பின்னும் காயத்தோடு சுட்டுக்கொண்டிருந்தார். இறந்துவிட்டார் என்று எதிரிகள் விட்டுச்சென்ற பிறகு ஊர்ந்து திரும்பினார். விக்டோரியா கிராஸ் பெற்ற முதல் இந்தியப் படைவீரர் அவர். குளோரின் தாக்குதலுக்கு நான்கு நாள் கழித்து நடந்த எதிர்த்தாக்குதலில் ஜமேதார் மீர் தஸ்த், குண்டுமழைக்கு நடுவே எட்டு அதிகாரிகளைத் தூக்கிவந்து காப்பாற்றினார். அவருக்கும் அதே விருது.

விருது பெற்றவர்களின் பெயராவது வரலாற்றில் நின்றது. மற்றவர்களின் நிலை வேறு. அவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களில் நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பிரிட்டிஷ் தணிக்கை அலுவலகம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைத்துக்கொண்ட பகுதிகள் மட்டுமே. பல்லாண்டுகள் ஐரோப்பாவிலும் சரி, சுதந்திர இந்தியாவிலும் சரி, இவர்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அங்கே வெள்ளையரின் போராக மட்டும் நினைவுகூர்ந்தார்கள். இங்கே நம்மை ஆண்டவர்களுக்காகச் சண்டையிட்டவர்கள் என்று ஒதுக்கினோம். ஈப்பர் அருங்காட்சியகத்தின் வரலாற்றாளர்கள் அந்த மௌனத்தைக் கலைக்க உழைத்தவர்கள். ஐந்து கண்டங்களிலிருந்தும் ஃப்ளாண்டர்ஸுக்கு வந்து சேர்ந்த வீரர்களையும் கூலித் தொழிலாளர்களையும் பற்றி அவர்கள் தொகுத்த நூல் 2008-இல் வெளிவந்தது. நம் வீரர்களுக்காக நாமே இன்னும் செய்யாத வேலை அது.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் மெனின் வாயிலில் 400-க்கும் மேற்பட்ட இந்தியப் பெயர்களைத் தேடிப் படிக்கலாம். பக்கத்துக் கோட்டை மேட்டில் அசோகச் சிங்கங்களோடு இந்திய நினைவுச்சின்னம் இருக்கிறது. கையில் இன்னொரு நாள் இருந்தால் எல்லையைத் தாண்டி பிரான்ஸின் நேவ் ஷாப்பேலுக்கும் போய்வர வேண்டும். காரில் ஒரு மணி நேரத்துக்குள்தான். ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்து 1927-இல் திறந்த அங்குள்ள நினைவிடத்தின் வட்டச் சுவரில் 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள், படைப்பிரிவு வாரியாக இருக்கின்றன.