மேப்பிள் கேரமலின் பதம்

கனடாவின் கியூபெக் மாகாணத்திலும், அதற்குத் தெற்கே அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த வெர்மான்ட் ராஜ்யத்திலும், குளிர்காலம் முழுவதும் இலையுதிர்ந்து மொட்டையாய் நின்ற சர்க்கரை மேப்பிள் விருட்சங்கள், பிப்ரவரி இறுதியில் தொடங்கி ஏப்ரல் வரையில், இரவிலே நீர் உறைவதும் பகலிலே உருகுவதுமாகச் செல்லுகிற அந்தச் சில வாரங்களில், அடிமரத்தில் இரண்டங்குல ஆழத்துக்குத் துளையிட்டால் தெளிந்த நீரொன்றைச் சொட்டுச் சொட்டாய்ச் சொரியும். கையில் ஏந்திக் குடித்தால் சுனைநீர் போலவே இருக்கும். இனிப்பு இருப்பது கூர்ந்து சுவைத்தால்தான் தெரியும். நூறு பங்கில் ஏறக்குறைய 2 பங்கே அதில் சர்க்கரை. உலகத்தின் மேப்பிள் பாகில் 70 சதவீதத்துக்கும் மேல் கியூபெக்கில் மட்டும் உண்டாகிறது என்றால், அதற்கு மூலதனம் இந்த நீர்த்த இனிப்புதான்.

இந்நீர் வெளிப்படும் விதம் வியக்கத்தக்கது. பெரும்பாலான மரங்களில் கட்டையின் நார்களுக்குள்ளே நீர் நிறைந்திருக்க, மேப்பிளின் நார்களிலோ வாயு அடைபட்டிருக்கிறது. இரவின் கடுங்குளிரில் அவ்வாயு சுருங்க, அருகிலுள்ள நுண்குழாய்களின் நீர் நார்களுக்குள் இழுக்கப்பட்டு உட்சுவரில் பனிக்கட்டியாகப் படிகிறது. அக்குறையை ஈடுசெய்ய வேர்கள் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சுகின்றன. வெயிலேறியதும் பனி உருகி, வாயு விரிந்து, மரத்துக்குள் அழுத்தம் மிகுந்து, துளை கண்ட இடத்தில் நீர் வழிகிறது. முந்திய கோடையில் இலைகள் ஆக்கி மாவுப் பொருளாகச் சேமித்து வைத்த உணவே சர்க்கரையாக மாறி அதில் கரைந்து வருகிறது. இந்த விருட்சத்தின் குணத்தை முதலில் அறிந்து பயன்கொண்டவர்கள் அபெனாக்கி, அனிஷினாபே முதலிய ஆதிகுடிகள். ஐரோப்பியக் குடியேறிகள் அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டு தங்கள் இரும்புக் கொப்பரைகளை அடுப்பிலேற்றினார்கள்.

சுமார் 40 லிட்டர் நீரைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு கிடைக்கும். அப்பாகில் நூற்றுக்கு 66 பங்கு சர்க்கரை. சுத்த ஜலம் கடல்மட்டத்தில் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கிறது. எத்தனை விறகிட்டாலும் அதற்குமேல் ஏறாது. சர்க்கரை கரைந்த நீரோ செறிவு கூடக்கூட, கொதிக்கும் உஷ்ணமும் கூடிக்கொண்டே போகும். ஆகவே கொதிக்கும் பாகில் தோய்த்த உஷ்ணமானி, நீர் இன்னும் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதையே உண்மையில் நமக்குச் சொல்லுகிறது. 104 டிகிரியில் பாகு முடிந்தது. இன்னும் காய்ச்சி 113 டிகிரியை ஒட்டி நிறுத்தி, அதைச் சுத்தமான பனியின்மேல் வரிவரியாக ஊற்றினால் இழுபடு மிட்டாயாக இறுகும். கியூபெக்கின் சர்க்கரைக் குடில்களில் குழந்தைகள் அதைக் குச்சியில் சுருட்டித் தின்பார்கள். பாலேடும் வெண்ணெயும் சேர்த்து 118 முதல் 120 டிகிரி வரை கொண்டுபோனால் கேரமல். மரத்தில் நூற்றுக்கு 98 பங்காக இருந்த நீர், இங்கே பத்திலொரு பங்களவுக்கு வற்றிவிடுகிறது. மலையூர்களில் நீர் குறைந்த உஷ்ணத்திலேயே கொதிக்குமாதலால், முதலில் வெறும் நீரைக் கொதிக்கவிட்டு உஷ்ணமானியைப் பார்த்து, அதற்குமேல் 18 அல்லது 20 டிகிரி என்று கணக்கிடுவதே சரியான முறை. உஷ்ணமானி இல்லாதவர்களுக்கும் வழியுண்டு. கடலை உருண்டைக்குப் பாகு காய்ச்சுகிற நம் தாய்மார்கள் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் திரட்டிப் பார்த்து உருட்டுப் பதம் அறிகிறார்களல்லவா, அதே சோதனைதான் அந்நாட்டு மிட்டாய்க்காரர்களுடையதும்.

கேரமல் என்றதும் சர்க்கரையைக் கருக்கிச் செய்வது என்று பலரும் எண்ணுகிறார்கள். வெறும் வெள்ளைச் சர்க்கரையைப் பொறுத்தவரை அது மெய்யே. ஆனால் அந்த மாறுதலுக்கு 160 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணம் வேண்டும். மேப்பிள் கேரமல் அந்த எல்லையை எட்டிப் பார்ப்பதேயில்லை. அப்படியானால் அதன் செம்பழுப்பு நிறமும் ஆழ்ந்த சுவையும் எங்கிருந்து வருகின்றன? பாலிலுள்ள புரதமும் பாகிலுள்ள சில வகைச் சர்க்கரைகளும் உஷ்ணத்தில் ஒன்றோடொன்று கூடி விளைவிக்கும் ரசாயன மாறுதலிலிருந்துதான் பெரும்பாலும் வருகின்றன. 1912-ல் லூயி காமீல் மயார் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி விவரித்த அம்மாறுதலே ரொட்டியின் மேற்புறத்தையும் வறுத்த காப்பிக் கொட்டையையும் நிறங்கொள்ளச் செய்கிறது. இத்துடன் மேப்பிளுக்கே உரிய ஒரு வாசனையும் சேர்கிறது. அதை முகர்ந்தறியாத தமிழ் வாசகர் வெந்தயத்தை நினைத்துக்கொள்ளலாம். வெந்தயத்தின் மணத்துக்குக் காரணமான பொருளே மிகச் சிறிய அளவில் மேப்பிள் பாகின் வாசனையைத் தருகிறது. செயற்கை மேப்பிள் வாசனைக்கு வெந்தயச் சத்தைச் சேர்ப்பது இதனால்தான்.

இனி செய்முறை. இரண்டு கோப்பை மேப்பிள் பாகு, ஒரு கோப்பை கெட்டியான பாலேடு, 50 கிராம் வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு. பாத்திரம் இவற்றின் கொள்ளளவைப்போல் நாலு மடங்காவது இருத்தல் நலம். ஏனெனில் இப்பாகு கொதிக்கும்போது சட்டென்று நுரைத்துப் பொங்கும் சுபாவமுடையது. கொழுப்பின் சிறு துளி பட்டாலும் நுரையின் மெல்லிய சவ்வு அறுந்து அடங்கிவிடும் என்பதை அனுபவத்தால் கண்ட பழைய காய்ச்சுகாரர்கள், கொப்பரைக்குமேல் ஒரு துண்டு உப்பிட்ட பன்றிக் கொழுப்பைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். பொங்கியெழும் நுரை அதைத் தொட்டதும் தணியும். நம் பாத்திரத்தில் வெண்ணெயே அவ்வேலையைச் செய்யும். மிதமான தீயில், அடிப்பிடிக்காமல் மரக்கரண்டியால் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் வெளிர்ந்த நிறத்தில் பெரிய குமிழிகள் எழுந்துடையும். நீர் வற்றவற்றக் குமிழிகள் சிறுத்து, மெல்ல உடைந்து, கரண்டி சென்ற தடம் கணநேரம் நின்று மூடும். கடைசி நான்கைந்து டிகிரிகளில் அசிரத்தை கூடாது. 118-ல் இறக்கியது வாயில் கரையும். 125-ஐ எட்டியது பல்லில் ஒட்டும்.

பாகைத் தேர்வதில் என் அபிப்பிராயம் திடமானது. பருவத்தின் தொடக்கத்தில் கிடைக்கும் பொன்னிறப் பாகையே உயர்ந்ததெனப் பலர் போற்றுகிறார்கள். கேரமலுக்கோ பருவ முடிவில் வரும் கருநிறப் பாகே உத்தமம். நாட்கள் வெம்மையுற, மரத்து நீரில் நுண்ணுயிர்கள் பெருகிச் சர்க்கரையின் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் பிரித்துவிடுகின்றன. அவை புரதத்தோடு கூடி நிறத்தையும் சுவையையும் மிகுவிப்பதோடு, சர்க்கரைப் படிகங்கள் அணிவகுத்துச் சேர்வதையும் தடுக்கின்றன. வெளிர்ந்த பாகில் செய்த கேரமல் சில நாளில் மணல்போல் நறநறக்க இடமுண்டு. கட்டிச் சர்க்கரை செய்பவர்களுக்கு அந்தப் படிகமே வேண்டியதாகையால் அவர்கள் வெளிர்ந்ததை நாடுவது நியாயமே. எவ்வகையாயினும், பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியுலரும் துளிகளை நனைத்த தூரிகையால் அவ்வப்போது வழித்து உள்ளே தள்ளிவிட வேண்டும். அங்கே தோன்றும் ஒரே படிகம் போதும், முழுப் பாகையும் கெடுக்க.

வெண்ணெய் தடவிய தட்டில் ஊற்றியபின் பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டிச் சேர்க்கலாகாது. அசைக்காமல் ஆறவிட்டு, எண்ணெய் தடவிய கத்தியால் துண்டிட்டு, ஒவ்வொன்றையும் மெழுகுக் காகிதத்தில் தனித்தனியே சுற்ற வேண்டும். காய்ச்சி விரட்டிய ஈரத்தை இப்பண்டம் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளப் பார்க்கும், சுற்றாமல் விட்டால் விளிம்புகள் கசிந்து துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும்.